விராலிக்குத் தண்ணீர்தான் எமன்

போன வருஷம் ஒரு வீட்டுக்காரர் போனில் கூப்பிட்டார். "தம்பி, வறட்சியைத் தாங்கும்னு சொல்லி வெச்சீங்களே, வேலி பூரா மஞ்சளாயிருச்சு." போய்ப் பார்த்தேன். நாற்பது விராலிக் கன்றுகளில் பாதிக்கு மேல் போய்விட்டன. அடிமண்ணைக் கிளறினால் சேறு. முன்பு டுராண்டா வேலிக்குப் போட்ட சொட்டுநீர்க் குழாய் அப்படியே கிடக்க, பாவம் வாடுகிறதே என்று தினமும் திறந்துவிட்டிருக்கிறார். வேர் அழுகிவிட்டது. தப்பு என்னுடையதும்தான், நடும்போதே குழாயை எடுக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

விராலி நம் கரட்டு மேடுகளின் செடி. புதுக்கோட்டை மாவட்டத்து விராலிமலைக்குப் பெயரே இதனால் வந்தது என்பார்கள். சரளையிலும் பாறை இடுக்கிலும் சித்திரை வெயிலில்கூடப் பச்சையாக நிற்கும். இலையைத் தொட்டால் விரலில் பிசுபிசுவென ஒட்டும். அந்தப் பிசின் பூச்சு இலையின் ஈரம் வீணாவதைக் குறைக்கிறது. ஆடு மாடு அவ்வளவாக வாய் வைப்பதில்லை. பூவை எதிர்பார்த்து நடாதீர்கள், கண்ணிலேயே படாது. அழகெல்லாம் காயில்தான்: காகிதம் போல மூன்று இறக்கைகள், முற்ற முற்றச் செம்பழுப்பாகும்.

புரட்டாசிக் கடைசியில் நட்டுவிட்டால் ஐப்பசி மழையிலேயே வேர் பிடித்துவிடும். முதல் கோடைக்கு மட்டும் வாரம் ஒருமுறை நன்றாக நனைய ஊற்றினால் போதும். அப்புறம் மறந்துவிடலாம். நல்ல வெயில் படும் இடமாக இருக்கட்டும். களிமண் என்றால் மண்ணை மேடாக அணைத்து, மேட்டில் நடுங்கள். பெரிய தொட்டிச் செடிக்கு ஆசைப்பட வேண்டாம், உள்ளே வேர் சுருண்டிருக்கும். ஒரு அடிக்கும் குறைவான பைக்கன்றே மேல். வேலிக்கு இரண்டடி இடைவெளி சரியாக இருக்கும்.

நர்சரிகளில் சுலபமாகக் கிடைப்பதில்லை. யாரும் கேட்பதில்லை, அதனால் அவர்களும் வளர்ப்பதில்லை. அதற்காக மலையிலிருந்து பிடுங்கி வராதீர்கள். காப்புக்காட்டில் அது குற்றம். பிடுங்கிய செடி பெரும்பாலும் பிழைப்பதும் இல்லை. தெரிந்தவர் வேலியில் காய்ந்த காயைப் பறித்துக் கசக்கி, இறக்கையைத் தூற்றிவிட்டு, கொதிக்கவைத்து இறக்கிய தண்ணீரில் விதையைப் போட்டு, இரவு முழுக்க ஊறவிட்டு விதையுங்கள். விதைத்தோல் கெட்டி என்பதால்தான் இந்த வெந்நீர்.

அந்த வீட்டில் மறுபடியும் நட்டுக் கொடுத்தோம். இந்த முறை குழாயை நானே சுருட்டி வண்டியில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.