அரசு மருத்துவமனைப் பிரசவம்: பையில் எடுத்து வைக்க வேண்டிய காகிதங்களும் துணிகளும்

கடந்த ஆண்டு என் சித்தி மகளுக்கு நள்ளிரவில் இடுப்புவலி கண்டது. வளைகாப்புக்கு வந்த துண்டுகளும் புதுச் சட்டைகளும் பிதுங்கிக்கொண்டிருந்த ஒரு பெரிய பையோடு அரசு மருத்துவமனைக்கு விரைந்தோம். சேர்க்கும் இடத்தில் செவிலியர் கேட்டது தாய் சேய் நல அட்டையை மட்டுமே. அதுவோ நாற்பது கிலோமீட்டர் தொலைவில், மாமியார் வீட்டு அலமாரியில் இருந்தது. ஒன்பது மாதமாகச் செய்த இரத்தப் பரிசோதனைகளும் ஸ்கேன் விவரங்களும் அந்த அட்டையில்தான் இருந்தன என்பதால், வலியில் துடித்துக்கொண்டிருந்த பெண்ணிடம் மறுபடியும் இரத்தம் எடுத்தார்கள். குழந்தை நலமாகப் பிறந்தது. ஆனால் கர்ப்பத்தைப் பதிவு செய்த பெண்ணுக்கு அரசு தரும் அடையாள எண்ணான பிக்மி எண் அன்று பதிவாகாததால் பிறப்புச் சான்றிதழ் இழுத்தடிக்கப்பட்டு, குழந்தையின் தந்தை கூலி வேலையை விட்டுவிட்டு நான்கு முறை அலைந்தார். இதே அலைச்சலைப் பல வீடுகளில் பார்த்துவிட்டேன். தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனையில் பிரசவத்துக்குச் செல்பவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

திட்டங்களைப் பற்றித் தேவையான அளவு மட்டும் சொல்லிவிடுகிறேன். 2011ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் இருக்கும் ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி, அரசு மருத்துவமனையில் சுகப்பிரசவம், சிசேரியன் இரண்டுமே முற்றிலும் இலவசம். மருந்து, பரிசோதனை, இரத்தம், தாய்க்கு உணவு, வீட்டிலிருந்து மருத்துவமனைக்கும் பிரசவத்துக்குப் பிறகு வீட்டுக்கும் வாகனம் ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். இரண்டாவது, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம். 1987இல் 300 ரூபாயாகத் தொடங்கிய இந்த உதவி இன்று 18,000 ரூபாய். அதில் 14,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். மீதி 4,000 ரூபாய்க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள் தரப்படும். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பத்தைச் சேர்ந்த, 19 வயது நிறைந்த பெண்ணுக்கு முதல் இரண்டு பிரசவங்களுக்கு இது கிடைக்கும். பிரசவம் அரசு மருத்துவ நிலையத்தில் நடக்க வேண்டும்.

தகுதி இருந்தும் பணம் கிடைக்காமல் போவது பெரும்பாலும் முதல் மூன்று மாதத்திலேயே முடிவாகிவிடுகிறது. கரு உருவான 12 வாரத்துக்குள் பதிவு செய்திருக்க வேண்டும் என்பது விதி. நம் வீடுகளிலோ கண்பட்டுவிடும் என்று மூன்று மாதம் முடியும்வரை யாரிடமும் சொல்வதில்லை. அந்த வழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஊருக்குச் சொல்லாவிட்டாலும் கிராம சுகாதார செவிலியரிடம் மட்டும் நாள் தள்ளிப்போன உடனேயே சொல்லிவிடுங்கள். அவர் யாரிடமும் சொல்ல மாட்டார். நகரத்தில் இருப்பவர்கள் அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லலாம். 102 என்ற எண்ணை அழைத்தோ பிக்மி இணையதளத்திலோ முன்பதிவு செய்துகொள்ளவும் வழி உண்டு. ஆனால் முன்பதிவின்போது கிடைக்கும் எண் பிக்மி எண் ஆகாது. செவிலியர் நேரில் சரிபார்த்த பிறகு தரும் 12 இலக்க எண்தான் பிக்மி எண். முன்பதிவு எண்ணைப் பத்திரமாக எழுதி வைத்துக்கொண்டு, எல்லாம் முடிந்துவிட்டது என்று நம்பி மாதக்கணக்கில் காத்திருந்த பெண்களை எனக்குத் தெரியும். அவர்களிடம் யாரும் அந்த வேறுபாட்டைச் சொல்லவே இல்லை.

அடுத்த சிக்கல் தாய் வீட்டுக்குப் போகும்போது வருகிறது. பதிவு புகுந்த ஊரில் இருக்கும். ஏழாம் மாத வளைகாப்பு முடிந்து பெண் பிறந்த ஊருக்கு வந்துவிடுவாள். இந்த ஊர் நிலையத்தில் “நீங்கள் எங்கள் பகுதி இல்லை, பதிவு செய்த இடத்திலேயே கேளுங்கள்” என்பார்கள். அங்கே கேட்டால் “பெண் இங்கே இல்லையே, பரிசோதனை விவரம் இல்லாமல் எதைப் பதிவேற்றுவது” என்பார்கள். பிள்ளைத்தாய்ச்சிப் பெண் முதல் பிரசவத்துக்குத் தாய் வீடு போவது தமிழ்நாடு முழுவதும் காலங்காலமாக நடந்துவரும் வழக்கம். அதை எதிர்பாராத ஒன்றுபோல் அலுவலகங்கள் நடந்துகொள்வதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. இந்த நிலையில் புதிதாக இன்னொரு பதிவு மட்டும் செய்துவிடாதீர்கள். ஒரே பெண்ணுக்கு இரண்டு எண்கள் வந்துவிட்டால் எதைக் கணக்கில் எடுப்பது என்ற குழப்பத்திலேயே பணம் நின்றுபோகும். கிளம்புவதற்கு முன்பே புகுந்த ஊர் செவிலியரிடம் இன்ன ஊருக்குப் போகிறேன் என்று சொல்லி, அவருடைய கைபேசி எண்ணை அட்டையின் முன்பக்கத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தாய் வீட்டுப் பகுதிச் செவிலியரிடம் போன முதல் வாரத்திலேயே அட்டையைக் காட்டி, அங்கே நடக்கும் ஒவ்வொரு பரிசோதனையையும் அதே 12 இலக்க எண்ணில் ஏற்றச் சொல்லுங்கள். இருவரையும் ஒருமுறை போனில் பேச வைத்துவிட்டால் பாதி அலைச்சல் குறைந்துவிடும்.

வங்கிக் கணக்கைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கணக்கு தாயின் பெயரில் மட்டும் இருக்க வேண்டும். கணவருடன் சேர்ந்த கூட்டுக் கணக்கைக் கொடுத்துவிட்டு அலைய வேண்டாம். என் சித்தி மகளின் பாஸ்புக்கில் தந்தையின் முதலெழுத்து பெயருக்கு முன்னால் இருந்தது. திருமணத்துக்குப் பின் திருத்திய ஆதாரில் கணவரின் பெயர் பின்னால் ஒட்டியிருந்தது. தாய் சேய் நல அட்டையில் முதலெழுத்தே இல்லை. மூன்றும் ஒரே பெண் என்பது நமக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. கருவுற்ற உடனேயே ஆதாரில் உள்ளபடி மற்ற இரண்டையும் மாற்றிவிடுங்கள். இன்னொன்று, இந்தப் பணம் ஆதார் வழியாகச் செலுத்தப்படும்போது, கடைசியாக எந்தக் கணக்கை ஆதாரோடு இணைத்தீர்களோ அதற்குத்தான் போகும். கல்லூரியில் படித்தபோதோ நூறு நாள் வேலைக்காகவோ தொடங்கி மறந்துபோன கணக்கு ஒன்று பலருக்கும் இருக்கிறது. பணம் அங்கே கிடக்க, வேறொரு பாஸ்புக்கை வைத்துக்கொண்டு மாதம் மாதம் சுகாதார நிலையத்தில் வந்து நிற்கிறார்கள். ஆதார் எந்த வங்கியோடு இணைந்திருக்கிறது என்பதை ஆதார் இணையதளத்திலேயே பார்த்துவிடலாம். அதற்கு ஆதாரில் பதிந்த கைபேசி எண் உயிரோடு இருக்க வேண்டும். அப்பாவின் பழைய சிம் என்றால் அதையும் முதலில் மாற்றுங்கள்.

இனிப் பைக்கு வருவோம். எட்டாம் மாதம் முடிவதற்குள் கட்டி வைத்துவிட வேண்டும். காகிதங்களைத் துணிகளோடு கலக்காமல், ஜிப் வைத்த ஒரு பிளாஸ்டிக் உறையில் தனியாக வையுங்கள். அந்த உறை கைக்கு எட்டும்படி பையின் மேலே இருக்கட்டும். தாய் சேய் நல அட்டை, எல்லா ஸ்கேன் அறிக்கைகள், இரத்த வகை குறித்த சீட்டு, தாய் தந்தை இருவரின் ஆதார், குடும்ப அட்டை, பாஸ்புக்கின் முதல் பக்கம் ஆகியவை வேண்டும். ஆதாருக்கும் குடும்ப அட்டைக்கும் நான்கு நான்கு ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள், இரவு இரண்டு மணிக்கு ஜெராக்ஸ் கடை திறந்திருக்காது. எல்லாவற்றையும் கைபேசியில் படம் எடுத்து, உடன் வரும் பெண்ணின் கைபேசிக்கும் அனுப்பிவிடுங்கள். பிக்மி எண்ணை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி உறையின் முன்புறம் தெரியும்படி செருகி வைப்பது நல்லது. அட்டை வீட்டில் தங்கிவிட்டாலும் பயந்து திரும்பிப் போகாதீர்கள். காகிதம் இல்லை என்ற காரணத்துக்காக வலியோடு வந்த பெண்ணுக்குப் பிரசவம் பார்க்க மறுக்க யாருக்கும் உரிமை இல்லை. பிரசவ அறையில் உடன் இருக்க ஒரு பெண் துணைக்கு அனுமதி உண்டு என்பதால், யார் அந்தத் துணை என்பதையும் முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

துணிகளில், முன்பக்கம் திறக்கும் நைட்டி நான்கு, உள்ளாடைகள், பெரிய அளவு நாப்கின் இரண்டு பாக்கெட், துண்டு, பல் துலக்கும் பொருட்கள், ஒரு பிளாஸ்க், டம்ளர், தட்டு ஆகியவை தாய்க்குப் போதும். குழந்தைக்குத் துவைத்து வெயிலில் காயவைத்த பழைய பருத்தி வேட்டியோ புடவையோ கிழித்த மெல்லிய துணிகள் பத்துப் பன்னிரண்டு இருக்கட்டும். பிறந்த குழந்தையின் உடல் சூடு சட்டென்று இறங்கிவிடும் என்பதால் ஒரு தொப்பியும் காலுறையும் கட்டாயம். துணைக்கு வருபவருக்குப் பாயும் போர்வையும் வேண்டும்; படுக்க இடம் வராந்தாவில்தான் கிடைக்கும். பால்புட்டி, பால் பவுடர், தேன், சர்க்கரைத் தண்ணீர் ஆகியவற்றை யார் சொன்னாலும் எடுத்துச் செல்லாதீர்கள். தாய்ப்பாலைத் தவிர வேறு எதுவும் வேண்டியதில்லை. நகைகளைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

அரசு பெட்டகம் தரும், நாம் எதுவும் வாங்க வேண்டாம் என்று சிலர் வெறுங்கையோடு வந்துவிடுகிறார்கள். 2015இல் தொடங்கப்பட்ட குழந்தை நலப் பரிசுப் பெட்டகத்தில் குழந்தைக்கு உடை, துண்டு, படுக்கை, கொசுவலை, எண்ணெய், சோப்பு, தாய்க்குச் சௌபாக்கிய சுண்டி லேகியம் உட்பட 16 பொருட்கள் உண்டு. ஆனால் அது கைக்கு வருவது குழந்தை பிறந்த பிறகு, பெரும்பாலும் வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில். பிறந்த அடுத்த நிமிடம் குழந்தையைச் சுற்றுவதற்கு உங்கள் பையில் துணி இருந்தாக வேண்டும்.

பணம் கேட்பதைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆண் குழந்தை என்றால் இவ்வளவு, பெண் குழந்தை என்றால் இவ்வளவு என்று குழந்தையைக் கையில் தரும் நேரத்திலும், தள்ளுவண்டியில் வார்டுக்கு மாற்றும் நேரத்திலும் கை நீட்டுபவர்கள் இருக்கிறார்கள். பெற்ற வயிற்றின் களைப்பில் கிடக்கும் பெண்ணுக்கு இதனால் ஏதும் வந்துவிடுமோ என்று அஞ்சித்தான் கடன் வாங்கியாவது கொடுக்கிறார்கள். நீங்கள் கொடுக்க வேண்டியது ஒரு ரூபாய்கூட இல்லை. வெளிக்கடையில் மருந்து வாங்கி வரச் சொன்னாலும், வெளியே ஸ்கேன் எடுக்கச் சொன்னாலும், அதைச் சீட்டில் எழுதித் தரும்படி பணிவாகக் கேளுங்கள். எழுதித் தர வேண்டும் என்றவுடன் பல தேவைகள் இல்லாமல் போய்விடும். அப்படியும் வற்புறுத்தினால் நிலைய மருத்துவ அலுவலரிடம் சொல்லுங்கள், அல்லது 104 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள். முதல்வரின் உதவி மையத்துக்கு 1100. வீடு திரும்ப ஆட்டோவுக்குப் பேரம் பேசுவதற்கு முன், 102 தாய் சேய் ஊர்தியை வார்டிலேயே கேட்டு வாங்குங்கள்.

டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் அவசரப்படாதீர்கள். பிறப்புப் பதிவுக்காக எழுதிய படிவத்தில் தாய் தந்தை பெயர்கள் ஆதாரில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்கின்றனவா, பிக்மி எண்ணின் 12 இலக்கங்களும் சரியா என்று நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கைக்கும் ஆதாருக்கும் பிறந்த தேதிக்கான ஆதாரம் இந்தச் சான்றிதழ்தான் என்பதால், இன்று விடும் எழுத்துப்பிழை பிள்ளையோடு சேர்ந்து வளரும். பதிவு பிறந்த இடத்தில், 21 நாட்களுக்குள் கட்டணமின்றி நடக்க வேண்டும். பெயர் சேர்க்க ஓராண்டு வரை கட்டணம் இல்லை. வீடு திரும்பிய பிறகு தடுப்பூசிகளைத் தனியார் மருத்துவமனையில் போட்டால் அந்த விவரத்தையும் பகுதிச் செவிலியரிடம் காட்டி ஏற்றச் சொல்லுங்கள். குழந்தையின் நான்காம் மாதத்திலும் ஒன்பதாம் மாதத்திலும் வர வேண்டிய மகப்பேறு நிதியுதவித் தவணைகள் அந்தத் தடுப்பூசிப் பதிவைப் பார்த்துத்தான் விடுவிக்கப்படுகின்றன.