கீபோர்டு கெடவில்லை, கடைக்கு ஓடாதீர்கள்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் லினக்ஸ் வைத்திருப்பவர்களிடமிருந்து வரும் புகார் ஒன்றேதான். கேப்ஸ் லாக்கைத் தட்டினால் தமிழ், ஆங்கிலம் மாறும்படி வைத்திருந்தார்களாம். புதுக் கீபோர்டைச் செருகியதும் போய்விட்டதாம். உடனே லோ யாட் கணினிக் கடைத்தொகுதிக்குப் போய் இன்னொன்று வாங்கி வருகிறார்கள். அதுவும் இதையேதான் செய்யும்.

லினக்ஸில் திரையையும் கீபோர்டையும் கவனிக்கும் எக்ஸ்11-இல் (சுருக்கமாக எக்ஸ்) ஒவ்வொரு கீபோர்டுக்கும் தனித்தனிக் கீமேப், அதாவது எந்த விசைக்கு எந்த எழுத்து என்ற பட்டியல். லாகின் ஆகும்போது ஓடும், விசைகளை மாற்றும் எக்ஸ்மோட்மேப் கட்டளை, அந்த நேரத்தில் செருகியிருப்பவற்றை மட்டுமே மாற்றும். பிறகு வந்து சேருவது சிஸ்டத்தின் பொது அமைப்போடுதான் வரும். தூங்கி எழுந்து மறுபடி இணையும் புளூடூத் கீபோர்டும் பெரும்பாலும் புது வரவுதான். எக்ஸுக்குப் பதிலாக வந்த வேலண்டில் எக்ஸ்மோட்மேப்பை நம்பவே வேண்டாம்.

அடுத்தது யூடெவ் வைத்தியம். புதிதாகச் செருகும் சாதனங்களைக் கவனிக்கும் லினக்ஸ் பகுதி அது. கீபோர்டு செருகியதும் ஸ்கிரிப்ட் ஓட ஒரு விதி எழுதுகிறார்கள். பலிக்கவில்லை என்றால் 'ஸ்லீப் 5' (5 விநாடி காத்திரு) சேர்க்கிறார்கள், அப்புறம் 10. ஐயா, யூடெவ் தன் விதிகளை எல்லாம் முடித்த பிறகுதான் எக்ஸுக்குச் சேதி சொல்லும். நீங்கள் 5 விநாடி தூங்கினால் எக்ஸும் 5 விநாடி கழித்துத்தான் அந்தக் கீபோர்டையே பார்க்கும். முந்தவே முடியாது. போதாததற்கு அந்த ஸ்கிரிப்ட் உங்கள் பெயரில் இல்லாமல் ரூட்டாக, அதாவது சிஸ்டம் நிர்வாகியாக, ஓடுகிறது. உங்கள் திரை எது என்றே அதற்குத் தெரியாது.

மாற்றத்தைச் சிஸ்டத்திலேயே வையுங்கள். உபுண்டு, டெபியனில் எட்சி அடைவில் டிஃபால்ட், அதற்குள் கீபோர்டு என்ற கோப்பு (/etc/default/keyboard). லேஅவுட் வரியில் 'யுஎஸ்,இன்' (us,in). வேரியன்ட் வரியில் ',தமிழ்நெட்' (,tamilnet). ஆப்ஷன்ஸ் வரியில் 'ஜிஆர்பி:கேப்ஸ்_டாகிள்' (grp:caps_toggle). மூன்றையும் ஆங்கிலச் சின்ன எழுத்தில், இடைவெளி விடாமல் எழுதுங்கள். வேரியன்ட்டின் தொடக்கத்தில் இருக்கும் காற்புள்ளியை முழுங்கிவிடாதீர்கள். விட்டால் தமிழ்நெட் அமைப்பு யுஎஸ் தலையில் போய் உட்காரும், தமிழ் வராது. ரீபூட் செய்யுங்கள். க்னோம் என்ற திரைச்சூழலைப் பயன்படுத்துபவர்கள் இதைத் தொட வேண்டாம். க்னோம் தன் அமைப்பைத் தானே வைத்துக்கொள்ளும். ட்வீக்ஸ் என்ற செயலியில் கூடுதல் லேஅவுட் தேர்வுகளில் மாற்றினால் போதும்.

கேப்ஸ் லாக்கைத் தட்டினால் எஸ்கேப், பிடித்தால் கண்ட்ரோல் என்பது போன்ற வித்தைகளுக்குக் கீடி (keyd) என்ற மென்பொருளைப் போடுங்கள். எக்ஸ், வேலண்ட் இரண்டுக்கும் கீழே வேலை செய்வதால் புதிதாகச் செருகுவதையும் தானாகப் பிடித்துக்கொள்ளும்.

கடைக்காரர்கள் மட்டும் ஒன்று கவனியுங்கள். கல்லாவில் இருக்கும் பார்கோடு ஸ்கேனரும் கணினிக்கு ஒரு கீபோர்டுதான். கீடியின் அமைப்புக் கோப்பில், எந்தக் கீபோர்டுகளுக்கு என்று சொல்லும் ஐடிஸ் (ids) பகுதியில் வெறும் நட்சத்திரக் குறி போட்டால் ஸ்கேனரும் சிக்கும். எண் வரிசையில் கைவைத்திருந்தால் விலைப்பட்டியல் கோவிந்தா. 'கீடி மானிட்டர்' (keyd monitor) கட்டளையை ஓட்டி ஸ்கேனரின் அடையாள எண்ணைப் பார்த்து, முன்னால் கழித்தல் குறி போட்டு நட்சத்திரத்துக்குக் கீழே எழுதுங்கள். கோப்பில் தப்பு செய்து கீபோர்டே முடங்கினால் பேக்ஸ்பேஸ், எஸ்கேப், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், கீடி நின்றுவிடும். பிளக்கைப் பிடுங்காதீர்கள்.