கம்பி நீட்டினால் கம்பி ஏன் தெரிவதில்லை?

பாலக்கோட்டிலிருந்து பத்தாம் வகுப்பு மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "கடன் வாங்கினவன் கம்பி நீட்டிட்டான்னு சொன்னா எனக்குக் கம்பியே ஞாபகம் வரல. ஆனா 'ஸ்பில் த பீன்ஸ்'னு படிச்சா தரையில கொட்டின பீன்ஸ்தான் தெரியுது, ரகசியத்தை உளறிட்டாங்கன்னு புரிய நேரமாகுது. எனக்கு இங்கிலீஷ் வராதா?"

வரும். தமிழ் மீடியம் பிள்ளைக்கு இங்கிலீஷ் ஏறாது என்று சொல்லிச் சொல்லியே பாதிப் பேரை பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள், அதில் அறிவியல் எதுவும் கிடையாது.

ஒவ்வொரு சொல்லாகப் பொருள் எடுத்துக் கூட்டிக்கொண்டே போவது மூளையின் வழக்கம். மரபுத்தொடரில் அந்தக் கூட்டல் பலிக்காது. அப்படியானால் எந்த இடத்தில் கூட்டலை விட்டுவிட்டு முழுத்தொடரின் பொருளை எடுக்கிறது? எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது. இத்தாலிய ஆய்வாளர்கள் கச்சாரியும் தபோசியும் 1988-ல் வெளியிட்ட சோதனையில் காதில் ஒரு வாக்கியம் ஓடும், மரபுத்தொடர் முடிகிற கணத்தில் திரையில் ஒரு எழுத்துக்கூட்டம் வரும், அது உண்மையான சொல்தானா என்று பொத்தானை அழுத்திச் சொல்ல வேண்டும். மனதில் அப்போது எழுந்திருக்கும் பொருளுக்கு உறவான சொல் என்றால் விரல் சீக்கிரம் அழுத்தும். அந்த வேகத்தை அளந்தே உள்ளே எந்தப் பொருள் விழித்திருக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம். முடிவை முன்கூட்டியே ஊகிக்க முடிகிற தொடர்களில் மரபுப்பொருள் அந்தக் கணத்திலேயே தயாராக இருந்தது. ஊகிக்க முடியாதவற்றில் நேர்ப்பொருள் மட்டும்தான். 300 மில்லிவிநாடி கழித்துச் சோதித்தபோதுதான் மரபுப்பொருளும் வந்திருந்தது. தொடருக்குள் எங்கோ ஒரு சாவி இருக்கிறது, அது கைக்கு வரும்வரை மூளை நேர்ப்பொருளோடுதான் நடக்கிறது என்று அவர்கள் விளக்கினார்கள்.

தமிழில் அந்தச் சாவி எவ்வளவு சின்னதாக இருக்கலாம் என்று பாருங்கள். 'தம்பி கை கழுவினான்' என்றால் தண்ணீரும் சோப்பும். 'தம்பியைக் கை கழுவினான்' என்றால் கைவிட்டுவிட்டான். நடுவில் வந்தது ஒரே ஒரு 'ஐ' உருபு, அதுவும் வினைச்சொல் வாயிலிருந்து வருவதற்கு முன்பே!

அப்புறம் எல்லா மரபுத்தொடரும் ஒரே மாதிரி இறுகியிருப்பதில்லை. 'குட்டை உடைத்தான்' என்பதை 'குட்டு உடைந்தது' என்று திருப்பலாம், ஏனென்றால் குட்டு என்ற சொல்லே ரகசியத்துக்குப் பதிலாக நிற்கிறது. 'மண்டையைப் போட்டார்' என்பதை 'மண்டை போடப்பட்டது' என்று யாராவது சொல்வார்களா? ஆங்கிலத்திலும் இதே கதைதான். பீன்ஸ் ரகசியமாக நிற்பதால் 'த பீன்ஸ் வேர் ஸ்பில்ட்' என்று திருப்பலாம். செத்துப்போவதைச் சொல்லும் 'கிக் த பக்கெட்'டைத் திருப்பினால் நிஜமாகவே ஒரு வாளி உதைபட்டதாகிவிடும்.

சரி, மாணவியின் பீன்ஸுக்கு வருவோம். கம்பி நீட்டியதை அவர் வீட்டிலும் கடையிலும் நூறு முறை கேட்டிருப்பார், பீன்ஸைப் பரீட்சைக்கான பட்டியலில் ஒரே ஒரு முறை பார்த்திருப்பார். ஒகேனக்கல் என்ற பெயரில் இருக்கும் 'ஹொகெ'வுக்குக் கன்னடத்தில் புகை என்று பொருள், ஆனால் ஒகேனக்கல் பஸ் பலகையைத் தினமும் பார்க்கிற நமக்குப் புகையா தெரிகிறது, அருவியும் பரிசலும்தானே? பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்வதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். இரண்டு பேர் பேசிக்கொள்கிற வாக்கியங்களில் அந்தத் தொடரைத் திரும்பத் திரும்பச் சந்தித்தால் படம் தானாக மங்கும்.

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ, தெருவில் தமிழ், வகுப்பில் ஆங்கிலம் என்று வளரும் பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்களுக்கு எந்த மொழித்தொடரில் சாவி முதலில் கிடைக்கிறது என்று அளக்க ஒரு லேப்டாப்பும் ஹெட்போனும் போதும். மொழி ஆய்வு என்றாலே பணம் ஒதுக்கத் தயங்குகிறவர்கள் இதற்காவது கொஞ்சம் ஒதுக்க வேண்டும்.