செனடாஃப்: உடல் இல்லாத கல்லறைக்குத் தமிழில் என்ன பெயர்?

சென்னை தேனாம்பேட்டையில் செனடாஃப் ரோடு இருக்கிறது. கேட்டால் ஏதோ ஒரு வெள்ளைக்கார துரையின் பெயர் போல ஒலிக்கும். துரை ஒருவர் இதில் சம்பந்தப்பட்டிருப்பதும் உண்மைதான். இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த காரன்வாலிஸ் பிரபு நினைவாக அங்கே ஒரு மண்டபம் எழுப்பியிருந்தார்கள். அதனால்தான் சாலைக்கு இந்தப் பெயர். ஆனால் அவர் 1805இல் இறந்தது வடக்கே காஸிப்பூரில். உடல் அடக்கமானதும் அங்கேயே. தேனாம்பேட்டையில் இருந்தது உடல் இல்லாத நினைவிடம். செனடாஃப் என்ற சொல்லின் பொருளும் அதுவே.

சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. ‘கெனோஸ்’ என்றால் வெறுமையானது, ‘டாஃபோஸ்’ என்றால் கல்லறை. லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து நம் சாலைப் பலகைக்கு வந்துவிட்டது. கி.மு. 5ஆம் நூற்றாண்டு ஏதென்ஸில் போரில் மாண்டவர்களின் எலும்புகளை ஊர்வலமாக எடுத்துப் போகும்போது, உடல் கிடைக்காதவர்களுக்காக ஒரு வெறும் கட்டிலையும் விரிப்பு விரித்துத் தூக்கிச் செல்வார்கள். உடல் இல்லை என்பதற்காக ஒருவருக்குரிய மரியாதையை விட்டுவிடக் கூடாது என்ற அந்த எண்ணம்தான் இந்தச் சொல்லின் உயிர்.

இன்று செனடாஃப் என்றதும் உலகம் நினைப்பது லண்டன் வைட்ஹாலில் நிற்கும் நினைவுச்சின்னத்தை. முதல் உலகப் போரில் மாண்ட வீரர்களின் உடல்களை நாட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்று 1915இலேயே பிரிட்டன் முடிவெடுத்துவிட்டது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு உட்கார்ந்து அழ ஒரு சமாதிகூட ஊரில் கிடையாது. 1919 ஜூலையில் நடந்த வெற்றி அணிவகுப்புக்காக கட்டடக் கலைஞர் எட்வின் லட்யன்ஸ் மரத்தாலும் சாந்தாலும் ஒரு தற்காலிகச் சின்னம் அமைத்துக் கொடுத்தார். அணிவகுப்பு முடிந்தால் பிரித்துவிட வேண்டியது. ஆனால் மக்கள் அதன் அடியில் பூக்களைக் கொண்டுவந்து குவித்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் அதே வடிவத்தைப் போர்ட்லண்ட் கல்லில் கட்டி, 1920 நவம்பர் 11 அன்று திறந்தார்கள். பார்வைக்கு நேர்க்கோடாகத் தெரியும் அதன் விளிம்புகள் உண்மையில் மிக மெல்லிய வளைவுகள். செங்குத்தான விளிம்புகளை மேலே நீட்டிக்கொண்டே போனால், சுமார் ஆயிரம் அடி உயரத்தில் ஒன்றுசேரும். மதச் சின்னம் எதுவும் அதில் இல்லை. எந்த நம்பிக்கை உள்ளவரும் வந்து நிற்கலாம்.

அறியப்படாத வீரர் கல்லறையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே உடல் இருக்கும், பெயர்தான் தெரியாது. அமெரிக்காவின் ஆர்லிங்டன் ராணுவக் கல்லறைத் தோட்டத்தில் மட்டும் ஒரு விசித்திரம் நடந்தது. வியட்நாம் போரின் அறியப்படாத வீரர் யார் என்பதை 1998இல் மரபணுச் சோதனை சொல்லிவிட, உடலைக் குடும்பத்திடம் ஒப்படைத்தார்கள். அந்தக் குழியை இன்றும் வெறுமையாகவே வைத்திருக்கிறார்கள்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? ‘வெற்றுக் கல்லறை’ என்பது சொல்லுக்குச் சொல் சரி. ஆனால் ‘வெற்று’ என்றாலே நமக்கு வெற்றுப் பேச்சு, வெற்று வேட்டு என்று பயனற்றதெல்லாம் நினைவுக்கு வருகிறது. உயிர் கொடுத்தவருக்கு எழுப்பிய கல்லுக்கு அந்த அடை வேண்டாம். ‘போர் நினைவுச்சின்னம்’ தவறில்லை, ஆனால் ரொம்ப அகலமான சொல். பீரங்கியை மேடையில் ஏற்றி வைத்தாலும் அதுதான் பெயர்.

என் தேர்வு நடுகல். சங்க காலத்தில் இறந்தவர் உடல் மேல் கற்களைக் குவித்து மூடியதற்குப் பதுக்கை என்று தனியாகவே பெயர் இருந்தது. நடுகல் என்பது புகழுக்காக நட்ட கல். தொல்காப்பியம் அதற்கு ஆறு படிகள் சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல். கல்லைத் தேடிப் பார்ப்பதிலிருந்து வாழ்த்துவது வரை எல்லாம் இருக்கிறது. அடக்கம் என்ற பேச்சே இல்லை. ‘பெயரும் பீடும் எழுதி அதர்தொறும்’ நட்டார்கள் என்கிறது அகநானூறு. அதர் என்றால் வழி. போவோர் வருவோர் கண்ணில் படும்படி, பெயரோடு நிற்கிற கல். வைட்ஹால் சின்னமும் நடுத்தெருவில்தான் நிற்கிறது.

தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த கல்லில் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் மிகச் சில சொற்களே: ‘கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்’. ஆகோள் என்றால் மாடு கவரும் பூசல். யாருடைய கல், எந்த ஊரில், எந்தப் பூசலில் என்பதெல்லாம் அதற்குள் அடங்கிவிட்டது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், கள்ளரைக் கடித்து நின்ற கோவிவன் என்ற நாய்க்குக்கூடக் கல்லில் பெயர் உண்டு.

நடுகல் பழைய சொல், இன்றைக்குப் பொருந்தாது என்று சிலர் சொல்லலாம். அவர்களுக்கு நினைவுக்கல் இருக்கிறது. ஈழத்து மாவீரர் துயிலும் இல்லங்களில், வித்துடல், அதாவது மாண்ட வீரரின் உடல், இருக்கும் இடத்தில் கல்லறையும், உடல் கிடைக்காதவர்களுக்கு நினைவுக்கல்லும் என்று தெளிவாகவே பிரித்து வழங்கினார்கள். செனடாஃபுக்கு உள்ள அதே வேறுபாடு, இரவல் இல்லாத தமிழில்.

இந்தச் சொற்களைப் பொருத்திப் பார்க்க ஏற்ற இடம் சென்னை நந்தம்பாக்கத்தில் உள்ள மெட்ராஸ் போர்க் கல்லறை. 1952இல் அமைந்த அந்த வளாகத்தில் இரண்டாம் உலகப் போரில் இறந்த 856 பேர் அடக்கமாகியிருக்கிறார்கள், அவை கல்லறைகள். பின்புறம் முதல் உலகப் போருக்கான நினைவுச் சின்னம் நிற்கிறது. இந்தியாவின் பல பகுதிகளில் நிரந்தரமாகப் பராமரிக்க முடியாத இடுகாடுகளில் கிடக்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அதில் உள்ளன. உடல் எங்கோ, பெயர் இங்கே. அதை நடுகல் என்று எழுத நான் தயங்க மாட்டேன். போரிலிருந்து உயிரோடு திரும்பிய முன்னாள் படைவீரர்களையும் சேர்த்துப் போற்றும் தூண் என்றால் நடுகல் பொருந்தாது. அங்கே ‘படைவீரர் சிறப்புத்தூண்’ என்று எழுதலாம்.