பி.பி.எல். என்பதற்குத் தமிழில் என்ன?

ஈரோட்டில் எனக்குத் தெரிந்த டாக்டர் ஒருவர், மருத்துவக் கல்லூரியில் காலமெல்லாம் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். போன மாதம் போன் செய்தார். "ஏனுங்க தம்பி, பிராப்ளம் பேஸ்டு லேர்னிங், பி.பி.எல்.னு சொல்றமுங்களே, அதைத் தமிழ்ல எப்படிங்க எழுதறது? பிரச்சினை அடிப்படையிலான கற்றல்னு போட்டா, படிக்கறதே பிரச்சினைங்கற மாதிரி இருக்குதுங்க."

நியாயமான புகார். சொல்லுக்குப் போகும் முன், இந்த முறையில் மாணவர்களுக்குக் கொடுப்பது என்று அவர் அனுப்பிய ஒரு தாளைப் பார்த்துவிடலாம். ஒரு விவசாயி டாக்டரிடம் சொல்வதுபோல் எழுதியது.

"காலையில பருத்திக்காட்டுக்கு மருந்தடிச்சேனுங்க. மத்தியானம் கண்ணு மங்கிப் போச்சுங்க. எச்சில் ஊத்துது, வேர்த்துக் கொட்டுதுங்க." அடியில் இரண்டே குறிப்பு: கண்பாவை ஊசிமுனை அளவு, நாடித்துடிப்பு குறைவு. இந்தத் தாளை வைத்துக்கொண்டு ஏழெட்டு மாணவர்கள் வட்டமாக உட்காருகிறார்கள். இதைப் பற்றி முன்கூட்டியே பாடம் எதுவும் நடத்தியிருக்காது. கண்பாவை ஏன் சுருங்கியது? எச்சில் ஏன் ஊற்றுகிறது? தெரியாததைப் பட்டியல் போட்டு, ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டு போய்ப் படித்துவிட்டு, அடுத்த முறை கூடுகிறார்கள். நரம்புச் செய்தியைக் கடத்தும் அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியைப் பூச்சிமருந்து முடக்கிவிட்டது, அது தேங்கிப்போனதால்தான் அதைத் தடுக்கும் அட்ரோபின் என்ற மருந்தைப் போடுகிறார்கள் என்பது அப்புறம் தெரிய வருகிறது. உடலியங்கியல், உயிர்வேதியியல், மருந்தியல் மூன்றும் ஒரே பருத்திக்காட்டில் வந்து நிற்கின்றன. "நோய் பேரைச் சொல்லிட்டா வேலை முடிஞ்சுதுன்னு நெனச்சுக்குவாங்க. எது தெரியலைன்னு கண்டுபிடிக்கறதுதாங்க வேலையே" என்றார் டாக்டர்.

இந்த முறை கனடாவின் ஹாமில்டனில் உள்ள மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1969இல் 20 மாணவர்களோடு தொடங்கியது. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் 1974இல் பின்தொடர்ந்தது. இதைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர்.

சரி, சொல். 'பிராப்ளம்' கிரேக்கத்திலிருந்து வந்தது. 'புரோ' என்றால் முன்னால், 'பல்லெய்ன்' என்றால் எறிவது. முன்னால் எடுத்துப் போட்டது என்பதுதான் மூலப்பொருள். தொல்லை என்ற பொருள் பிறகு ஏறியது. நம்முடைய 'பிரச்சினை'க்கும் கிட்டத்தட்ட இதே கதிதான். வடமொழியில் 'பிரச்ன' என்றால் கேள்வி. வாளையாறு தாண்டிக் கேரளாவுக்குள் போனால் சோழி உருட்டிப் பார்க்கிறார்களே, அந்தப் பிரசன்னமும் இதே வேர்தான். ஆனால் இன்று 'பிரச்சினை' என்றதும் பஞ்சாயத்துதான் நினைவுக்கு வருகிறது, கேள்வி வருவதில்லை.

அதனால் நான் 'சிக்கல்' பக்கம் சாய்ந்தேன். சிக்கு, சிக்கல், சிக்கெடுத்தல் எல்லாம் ஒரே குடும்பம். சென்னிமலைப் பக்கம் தறி ஓடும் வீட்டில் இதை விளக்கவே வேண்டியதில்லை. தார் சுற்ற எடுத்த சிட்டம், அதாவது நூல்கட்டு, சிக்கிக்கொண்டால், வெடுக்கென்று இழுக்கிற ஆளுக்கு நூல் அறுந்து கையோடு வரும். தெரிந்தவர் மடியில் போட்டு, உதறி, இழைகளை விலக்கி நுனியைத் தேடுவார். நுனி கிடைத்தால் மீதி தானாக வரும். பருத்திக்காட்டுத் தாளை வைத்து மாணவர்கள் செய்வதும் அதேதான்.

ஒரே ஒரு வில்லங்கம். மருத்துவக் கல்லூரியில் 'சிக்கல்' என்றால் முதலில் மலச்சிக்கல்தான் ஞாபகம் வரும். டாக்டரே சொல்லிச் சிரித்தார்.

'அடிப்படையிலான' என்பதை நான் வைத்துக்கொள்ளவில்லை. அது 'பேஸ்டு' என்பதைப் பார்த்து எழுதியது, வாயிலும் நுழையாது. தமிழ்வழிக் கல்வி என்கிறோமே, அந்த 'வழி' போதும். சிக்கல்வழிக் கற்றல். கூட உட்காரும் ஆசிரியரை 'ட்யூட்டர்' என்கிறார்கள். லத்தீனில் அதற்குக் காப்பவர் என்று பொருள். பாடம் நடத்தாமல், பேச்சு தடம் மாறினால் மட்டும் குறுக்கிடுகிறவர் என்பதால், 'வழித்துணை' என்று எழுதிக் கொடுத்தேன். 'டாக்டர்' என்பதே கற்பிப்பது என்ற லத்தீன் வேரிலிருந்து வந்தது என்று சொன்னபோது அவருக்கு ஒரே சந்தோஷம். "அப்ப நான்தானுங்க நெசமான டாக்டரு" என்றார்.

டாக்டரின் கையேட்டுத் தலைப்பில் சிக்கல்வழிக் கற்றல் என்றே அச்சாகிவிட்டது. பையன்கள் மட்டும் இன்னும் பி.பி.எல். என்றுதான் சொல்கிறார்களாம்.