ஜுக்சிங் முய்: தமிழில் எப்படிச் சொல்வது?

அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த சீனப் பெண்ணைக் காண்டனீஸ் (தென்சீனாவின் குவாங்டாங் மாகாணத்து மொழி) பேசும் பெரியவர்கள் ‘ஜுக்சிங் முய்’ என்பார்கள். முய் என்றால் தங்கை. எந்தச் சின்னப் பெண்ணையும் அப்படிச் சொல்லலாம், நம் ஊர் ‘தங்கச்சி’ மாதிரி. ஜுக்சிங் என்பது மூங்கில் கழி. சரி, மூங்கிலுக்கும் இந்தப் பெண்ணுக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டு முழ மூங்கிலை எடுத்து ஒரு முனையில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். முதல் கணுவோடு நின்றுவிடும், மறுமுனையில் ஒரு சொட்டு வராது. திருப்பிப் பிடித்து ஊற்றினாலும் அதே கதைதான். சீனத்தோடும் சேராதவள், அமெரிக்காவோடும் சேராதவள் என்பது உட்பொருள். செல்லமாகவும் சொல்வதுண்டு, ஆனால் பாட்டி காண்டனீஸில் கேட்க, பேத்தி ஆங்கிலத்தில் பதில் சொல்லும்போது வந்து விழுகிற ‘ஜுக்சிங்’கில் செல்லம் கொஞ்சம் குறைவு.

கழிக்கு இயல்பான பெயர் ‘ஜுக்கோங்’. ‘இறங்குதல்’ என்ற சொல்லுக்கும் அதே ‘கோங்’ ஒலிதான் என்பதால், அந்த அபசகுனம் வேண்டாமென்று ‘ஏறுதல்’ என்று பொருள்படும் ‘சிங்’கை ஒட்டிவிட்டார்கள். நன்னூல் சொல்லும் மங்கல வழக்கு! விளக்கு அணைந்தது என்னாமல் மலையேறியது என்கிறோமே, அதே ஏற்றம். (குவாங்டாங்கில் ஒருவர் கழியின் முனையில் உட்கார்ந்து எம்பி எம்பி மாவை அழுத்திச் செய்யும் நூடுல்ஸுக்கும் இதே பெயர்தான்.)

அமெரிக்காவுக்கு முதலில் போன சீனர்களில் பெரும்பாலோர் குவாங்டாங்காரர்கள், அதனால்தான் சொல் காண்டனீஸ். சேராதவள் என்று வீட்டில் சொன்னதை அந்த நாடு சட்டமாகவே எழுதி வைத்திருந்தது: 1922 சட்டப்படி, குடியுரிமை பெறத் தகுதியில்லாத அயல்நாட்டவரை (சீனாவில் பிறந்தவர்கள் அந்த வகை) மணந்தால், அமெரிக்காவிலேயே பிறந்த பெண்ணுக்கும் குடியுரிமை போய்விடும். 1931-இல்தான் அது மாறியது.

சீன வம்சாவளி நடிகை அன்னா மே வாங் 1905-இல் லாஸ் ஏஞ்சலஸில் பிறந்தவர், அப்பா சலவைக்கடை வைத்திருந்தார். சீன விவசாயியின் மனைவி வேடத்தைக்கூட ஹாலிவுட் ஒரு வெள்ளைக்கார நடிகைக்குத்தான் கொடுத்தது. 1936-இல் அன்னா சீனாவுக்குப் போனார். அங்கே பொதுமொழியான மாண்டரின் தெரியாமல் மொழிபெயர்ப்பாளரைத் தேட வேண்டியிருந்தது, போதாததற்கு அவர் நடித்த படங்கள் சீனர்களைக் கேவலப்படுத்துகின்றன என்ற வசவும் கிடைத்தது. அதே அன்னாவின் முகத்தை அமெரிக்கா 2022-இல் கால் டாலர் நாணயத்தில் பொறித்தது.

இப்போது தமிழ்ச் சொல். ‘இரண்டுங்கெட்டான்’ தயாராக இருக்கிறது, பாட்டியின் வாயில் வரும் வசவென்றால் அதையே போடலாம். ஆனால் அந்தப் பெண்ணே ‘நான் ஒரு ஜுக்சிங்’ என்று சிரித்துக்கொண்டு சொல்லும் இடத்தில் அது பொருந்தாது, கெட்டுப்போனதாக அவள் சொல்லவில்லையே. அங்கே ‘கணுமூங்கில்’ என்பேன். இரு பக்கமும் ஊற்றிய தண்ணீர் வழிந்து போய்விடவில்லை, உள்ளேதான் நிற்கிறது.