சிவக்காத உலோகம்

யாழ்ப்பாணம் கொக்குவில் பக்கம் ஒரு சின்னப் பட்டறை. யன்னல் வேலையில் மிஞ்சிய அலுமினியத் துண்டு ஒன்று, ஒன்றரை மில்லிமீற்றர் தடிப்பு. இரும்புக் கேற்றுகளுக்கு வெல்டிங் அடித்துப் பழகிய தைரியத்தில் வெல்டிங் டோர்ச்சைப் பிடித்தேன். இரும்பு என்றால் முதலில் சிவக்கும், பிறகு மஞ்சளாகும், அப்புறம்தான் உருகும். அந்த நினைப்பில் சிவப்புக்காகக் காத்திருந்தேன். துண்டு வெள்ளி நிறத்திலேயே இருந்தது. ஒருகணம் மினுங்கியது. அவ்வளவுதான், ரூபாய்க் குற்றி அளவில் ஓட்டை!

“தம்பி, அது சிவக்காது. சிவக்குமெண்டு பாத்துக்கொண்டு நிண்டால் ஓட்டைதான் மிஞ்சும்” என்றார் பட்டறை அண்ணை.

சூடான பொருள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒளிர வேண்டுமானால் 500 பாகை செல்சியஸைத் தாண்ட வேண்டும். இரும்பு உருகுவது 1,538 பாகையில். அதற்குள் நிறம் காட்ட அதற்கு நிறைய இடம் இருக்கிறது. அலுமினியம் 660 பாகையிலேயே உருகிவிடும். போதாததற்கு, பளபளப்பான பரப்பு சூடானாலும் மங்கலாகத்தான் ஒளிரும்.

இரண்டாவது துண்டில் ஓட்டை விழவில்லை, ஆனால் ஒட்டவும் இல்லை. இரண்டு பக்கமும் உருகித் தனித்தனி உருண்டையாகச் சுருண்டு, ஒன்றை ஒன்று தொட்டபடி கலக்காமல் நின்றன. இங்கேதான் விஷயமே இருக்கிறது. காற்றுப் பட்ட உடனேயே அலுமினியத்தின் மேல் ஒட்சைட்டுப் படலம் ஒன்று படிந்துவிடும். அதன் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் இலட்சத்தில் ஒரு பங்குகூட வராது. ஆனால் அது உருக 2,000 பாகைக்கு மேல் வேண்டும். காய்ச்சிய பாலில் ஆடை படிவதைப் பார்த்திருப்பீர்கள். மேலே சுருங்கிய தோல், உள்ளே பால். உருகிய அலுமினியமும் அப்படித்தான் ஒரு பைக்குள் கிடக்கும். பை கிழியாமல் இரண்டு குளமும் சேராது.

கன்னாதிட்டியில் பொன் வேலை செய்பவர்கள் பற்றவைக்கும்போது வெண்காரம் (போராக்ஸ்) தூவுவார்கள். அது உருகிப் பரவி, பொன்னில் கலந்த செம்பின் ஒட்சைட்டைக் கரைத்து எடுக்கும். அதையே இங்கும் தூவலாமே என்று கேட்டேன். நீரற்ற வெண்காரம் உருகுவதே 740 பாகைக்கு மேல். அதற்குள் அலுமினியம் ஓடிவிடும்.

டிக் வெல்டிங்கில் இந்தத் தோலைக் கிழிப்பது மின்சாரம்தான். டங்ஸ்டன் ஊசிக்கும் துண்டுக்கும் நடுவே, ஆர்கன் வாயுவுக்குள், மின்வில் எரிகிறது. மின்னோட்டம் திசை மாறி மாறி ஓடும். துண்டு எதிர்மின் முனையாக (நெகட்டிவ்) இருக்கும் பாதியில் ஆர்கன் அயன்கள், அதாவது மின்னேற்றம் பெற்ற அணுக்கள், வந்து மோதி ஒட்சைட்டை உடைத்துச் சிதறடிக்கும். ஆனால் அந்த நேரம் சூடு பெரும்பாலும் ஊசிக்குப் போகும். அப்படியே விட்டால் ஊசி முனை உருகி உருண்டுவிடும். மறுபாதியில் சூடு துண்டுக்குள் இறங்கும், தோல் அப்படியே இருக்கும். அதனால்தான் இரண்டும் மாறி மாறி வேண்டும். அண்ணை குளத்தைச் சுற்றி ஒரு வெள்ளை வளையத்தைக் காட்டினார். தோல் உரிந்த இடம் அது. நான் எடுத்த யன்னல் துண்டோ அனோடைஸ் செய்தது, அதாவது ஒட்சைட்டை வேண்டுமென்றே தடிப்பாக ஏற்றியது. மின்சாரம் மட்டும் எப்படிக் கிழிக்கும்? தேய்த்து எடுத்துவிட்டு, இரும்பைத் தொடாத தனித் துருப்பிடிக்காத உருக்குப் பிரஷ்ஷால் உரசிய பிறகுதான் துண்டு வழிக்கு வந்தது.

மூன்றாவது துண்டு ஒட்டியது. தொடக்கத்தில் சூடு போதவில்லை, முடிவில் துண்டு தொய்ந்தது. அலுமினியம் உருக்கைவிட நாலு மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்துவதால் தொடக்கத்தில் சூடெல்லாம் ஓடிவிடும். பிறகு துண்டு முழுக்கச் சூடேறி, போகப் போகக் குறைவே போதும். மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் கால் மிதியைத் தளர்த்திக்கொண்டே போக வேண்டும். கைக்கும் காலுக்கும் ஒரே நேரத்தில் வேலை. தையல் இயந்திரம் பழகியவர்களுக்கு இது சீக்கிரம் வரும் என்று தோன்றுகிறது.

நாலாவது பார்க்க அழகாகவே இருந்தது. அண்ணை ஒன்றும் சொல்லாமல் இரும்பறுக்கும் வாளால் குறுக்கே அறுத்தார். உள்ளே அப்பத்தைப் பிட்டது போலச் சின்னச் சின்னத் துளைகள். உருகிய அலுமினியம் ஐதரசனை நன்றாகக் கரைத்து வைத்துக்கொள்ளும். உறையும்போது அதற்கு இடமில்லாமல் பெரும்பகுதி குமிழாக வெளியேறப் பார்க்கும், வழியில்லாதவை உள்ளேயே மாட்டிக்கொள்ளும். ஐதரசன் வருவது ஈரத்திலிருந்தும் எண்ணெய்ப் பிசுக்கிலிருந்தும்.

மூட்டில் உருக்கிச் சேர்க்கும் அண்ணையின் நிரப்புக் கம்பிகள் மூடி போட்ட பிளாஸ்டிக் குழாய்க்குள் இருந்தன. நான் எடுத்தவை மாரி மழை முழுக்க யன்னல் தட்டில் கிடந்தவை.